சிக்னல் இல்லாத இடம் தேடியவள்

வாழ்க்கையில் யாரைப் பார்த்து அதிகமாகப் பொறாமைப்பட்டாய் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். அவள் அழகி இல்லை, பணக்காரி இல்லை, என்னைவிட அதிகம் படித்தவளும் இல்லை. பெரம்பலூரில் ஓர் உரக்கடை மாடியில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் என்னோடு மூன்று வருஷம் வேலை பார்த்தவள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல பெயர் சேர்ந்துவிடும். அதற்கு இப்போதும் எனக்கு மனசு வரவில்லை.

பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். அவள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு போன்களை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இரண்டிலும் வேறு வேறு சிம். அரியலூர் போய்ச் சேரும்வரை அந்த சிக்னல் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோடு குறையக் குறைய அவள் முகம் மலரும். சுத்தமாகப் போய்விட்டால், "ஆங், வந்துருச்சு!" என்பாள். பக்கத்து சீட்டு அம்மா, என்ன வந்தது என்று ரோட்டைத் திரும்பிப் பார்ப்பாள். இவள் அதைக் கவனிக்காமல் ஒரு நீளமான நோட்டை எடுத்து, பஸ் குலுக்கலில் கோணல்மாணலாக எழுதுவாள். செங்கல் சூளை தாண்டி ஓடைப் பாலம் வரை ஒன்றும் இல்லை. முனியப்பன் கோயில் திருப்பத்தில் ஒரு கோடு, அதுவும் போய்ப் போய் வருகிறது. இப்படிப் பக்கம் பக்கமாக. ஊர் உலகமெல்லாம் சிக்னல் கிடைக்கிற இடத்தைத் தேடி மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருந்த காலத்தில், கிடைக்காத இடத்தைத் தேடித் தேடிச் சேர்த்தவள் அவள்.

காரணம் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு சரக்குதான் உண்டு. நாம் ஒரு போட்டோ அனுப்புகிறோம், பாதியில் சிக்னல் போய்விடுகிறது என்று வையுங்கள். மற்ற ஆப்பில் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்களுடையது அந்தப் போட்டோவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அனுப்பும். போன துண்டு போனதுதான். சிக்னல் தலைகாட்டும்போதெல்லாம் மிச்சத்தை அனுப்பும். வீடு கட்டுகிற இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. நடுவில் ஒருவன் டீ குடிக்கப் போனாலும் மேலே போன செங்கல் மேலேதான் இருக்கும்.

எங்கள் முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். பெங்களூரில் பெரிய வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் இருந்தே இதைச் செய்து காட்டுகிறேன் என்று வந்தவர். செய்தும் காட்டினார். வெளியூரிலிருந்து வந்து பார்த்த பெரிய ஆட்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். பிரமாதம் என்றவர் ஒருவர்கூட வாங்கவில்லை. விற்கிற பொறுப்பு என்னுடையது. திருச்சியில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவள் நான்; மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் என்றால் நான் ஒருத்திதான். அவளுக்கு டெஸ்டிங். ஓடுகிறதா, ஓடவில்லையா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அவள் வேலையில் நான் ஒருநாளும் தலையிட்டதில்லை. அவள்தான் என் வேலைக்குள் வந்தாள். வந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஜனங்கள் அவளை இழுத்து உள்ளே விட்டார்கள்.

முதலில் அது நடந்தது ஒரு வெங்காய வியாபாரியிடம். ஊர் ஊராக ஆள் வைத்துச் சின்ன வெங்காயம் வாங்குகிறவர். வயலில் நிற்கிற ஆட்கள் சரக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் அவர் விலை பேச முடியும். எங்களுக்கென்றே பிறந்த மனுஷன் என்று நினைத்து, லேப்டாப்பைத் திறந்து முப்பத்திரண்டு ஸ்லைடு காட்டினேன். பதினொன்றில் கொட்டாவி விட்டார். இருபதில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

"எல்லாம் சரிதாம்மா. இப்ப இருக்கிற போன்லயே போட்டோ போவுதே. அதுக்கு மேல இது எதுக்கு?" என்றார்.

எங்களைக் கொன்ற கேள்வி இதுதான். எந்த ஊருக்குப் போனாலும் இதையே கேட்டார்கள். நான் பதில் இருக்கிற ஸ்லைடைத் தேடிப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, உங்க எடத்துல போன் எங்க எடுக்காதுங்க?"

"எதுக்கும்மா?"

"சும்மா சொல்லுங்க. எங்க நின்னா சுத்தமா கெடைக்காது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்னாடி வெங்காயத்த குவிச்சு வைக்கிற பட்டறை இருக்குல்ல, அதுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு சந்து. அங்க போயிட்டா எவனும் நம்மள புடிக்க முடியாது. வூட்லேர்ந்து போன் வந்தா நான் அங்கதான் போயி நிப்பேன்" என்றார்.

"வாங்க, அங்க போவோம்."

அந்த மனுஷனும் எழுந்து போனார்! என் பதிமூன்றாவது ஸ்லைடு சுவரில் தனியாக எரிந்துகொண்டிருந்தது. சந்துக்குள் அவள் வெங்காயச் சருகைத் தலையில் வாங்கிக்கொண்டு உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தாள். அவர் போனிலிருந்து கணக்குப்பிள்ளை போனுக்கு ஒரு வெங்காயப் போட்டோ அனுப்பச் சொன்னாள். தன் போனில் தானும் ஒன்று அனுப்பினாள். அவர் போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் சிவப்பாக ஒரு குறி வந்து நின்றது. இவள் போனிலும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் போனது. டீயோடு வந்த கணக்குப்பிள்ளை வாசலில் இருந்து கத்தினார்: "மொதலாளி, வெங்காயம் வந்துருச்சு!"

அதோடு விட்டிருந்தால்கூட எனக்குப் பொறுத்திருக்கும். அவள் வெளியே வந்து தலையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு சொல்லிடுறேங்க. துளி சிக்னலும் இல்லன்னா இதுவும் போவாது. நூல் மாதிரி லேசா இருந்தாத்தான் போவும். வீடியோ அனுப்ப முடியாது. பேச முடியாது. பின்னாடி எங்கள திட்டக் கூடாது, அதான் இப்பவே சொல்லுறேன்."

எந்த மார்க்கெட்டிங் வகுப்பிலும் வாங்க வந்தவனிடம் இப்படிப் பேசச் சொல்லித் தர மாட்டார்கள். நான் தலையில் கைவைக்காத குறை. அவரோ வாய்விட்டுச் சிரித்தார். "இந்தப் புள்ள நெசத்த சொல்லுதுய்யா" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லி, தன் ஆட்கள் எல்லோருக்கும் போட்டுத் தரச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை; மடியில் போன்களை வைத்துக்கொண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு மண்டியிலிருந்து போன் வந்தால், "அந்தப் புள்ளகிட்ட குடுங்க" என்பார்கள். சார் புது விசிட்டிங் கார்டு அடித்தபோது அவள் நம்பரையும் போடச் சொன்னார். அச்சாகி வந்தபோது அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. ஏன் சார் என்று கேட்டதற்கு அகரவரிசை என்றார். எந்த அகரவரிசையில் அவள் எனக்கு முன்னால் வருவாள் என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். தமிழிலும் முன்னால் வந்தாள், இங்கிலீஷிலும் முன்னால் வந்தாள்.

உடையார்பாளையம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்காரர் வீட்டுக்கு இருவரும் போயிருந்தோம். அவர் வீட்டம்மா அவளுக்கு ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பு கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க இவங்களுக்குத் தொணைக்கு வந்தவங்களா?" என்று கேட்டார். துணைக்கு! என் கழுத்தில் மார்க்கெட்டிங் ஹெட் என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீசுக்கு வந்ததும் அவள் அந்தப் பையைப் பிரித்து முதலில் பாதியை என் மேஜையில் கொட்டினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். முந்திரி நன்றாகத்தான் இருந்தது.

அவள் வாயில் நல்லா இருக்கு என்ற வார்த்தை தனியாக வராது. வந்தால் கூடவே ஒரு 'ஆனா' வரும். ஒரு தீபாவளிக்கு நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். இவள் முந்தானையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கலர் நல்லா இருக்குங்க. ஆனா பார்டர் சாயம் விடும். தனியா ஊற வைங்க" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று எல்லாத் துணியோடும் சேர்த்து ஊறவைத்தேன். என் வீட்டுக்காரரின் இரண்டு வெள்ளைச் சட்டை ரோஸ் கலரில் வெளியே வந்தது.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு காலேஜில் பேசிவிட்டு வந்த களைப்பு. "எப்படிப் பேசினேன்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நல்லா பேசுனீங்க. ஆனா ஒண்ணுங்க, தெரியாதது ஒண்ணு வந்தா நீங்க இங்கிலீஷுக்குப் போயிடுறீங்க" என்றாள்.

குத்திக் காட்டினாளா என்றால் இல்லை. செங்கல் சூளை தாண்டி ஒன்றும் இல்லை என்று எழுதுவாளே, அதே குரல்தான். அதனால்தான் எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஒரு வாரம் நான் பேசுவதை நானே கவனித்தேன். பாவி, சரியாகச் சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் யார் முன்னால் பேசினாலும் மூலையில் அவள் உட்கார்ந்து என் கோடு குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே தோன்றும்.

இதற்கிடையில் ஊர் ஊராக டவர் வந்துகொண்டிருந்தது. செந்துறைப் பக்கம் ஒரு புது டவர் நின்ற அன்று அந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் சந்தோஷம். எங்கள் ஆபீஸ் மட்டும் இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. அங்கே எங்களுக்கு ஏழெட்டுப் பேர் வாடிக்கை, எல்லோரும் போய்விட்டார்கள். சேதியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக சாரிடம் போய், "செந்துறையில இனிமே நம்மளுக்கு வேலை இல்லீங்க சார். பாத்துட்டுத்தான் வரேன்" என்று சொல்லி, நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்தாள். நானாக இருந்தால் ஒரு வாரமாவது மறைத்திருப்பேன். சார் என்னைக் கூப்பிட்டு, பொங்கலுக்குள் ஒரு பெரிய பார்ட்டி பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான் என்றார்.

பெரிய பார்ட்டியை நான்தான் பிடித்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், அவள் இல்லை, நான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலை மனுஷர், அரியலூரில் லாரி டிரான்ஸ்போர்ட் வைத்திருக்கிறவர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றுகிற லாரிகள். சுரங்கம் என்றால் கிணறு மாதிரி ஆழம். அடியில் போனால் சிக்னல் நூல் மாதிரி வந்து வந்து போகும், போன் வெறும் பொம்மை. டிரைவர் எடைச்சீட்டைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்ப, மேடு ஏறி வந்து லாரியை ஓரம் கட்டி நின்றுகொண்டிருக்க வேண்டும். பாயசம் வருவதற்குள் அவரைப் பேசி மசிய வைத்துவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி நிற்கும், போடாவிட்டால் படுத்துவிடும். ஆபீஸ் முழுக்க அது தெரியும்.

அவருடைய மேனேஜர் எனக்குப் போன் செய்து, "மொதலாளி வர்ற செவ்வாயும் இருக்காரு, வெள்ளியும் இருக்காரு. எது தோதுங்க மேடம்?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் அக்கா பையனுக்குக் காதுகுத்து. ஒரு மாதமாக ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்களோடது மாமன் இல்லாத வூடுங்க. நான்தான் புள்ளைய மடியில வச்சுக்கணும்" என்று முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் வெள்ளி என்றேன். மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. இந்த ஒரு வெற்றியாவது, கார்டில் கீழே இருக்கிற பெயருக்குக் கிடைக்கட்டும் என்று இருந்தது. சாரிடம், "அவங்களுக்கு வெள்ளிதான் முடியுமாம் சார்" என்றேன். அவளும் அங்கேதான் இருந்தாள். "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னாள்.

அரியலூரில் ஒரு ஓட்டலின் ஏ.சி. ஹாலைப் பிடித்தேன். பூங்கொத்து, பெரிய திரை, வந்தவர்களுக்கு ஸ்வீட் காரம். ஓட்டலில் வைஃபை எப்படி என்று இரண்டு தடவை கேட்டு, நடுவில் எதுவும் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று அதற்குத் தனியாக ஒரு ஆளையும் நிற்க வைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் மைக்செட் சத்தம், சமையல் ஆட்களின் சத்தம்.

"ஹால்ல சிக்னல் எப்படி இருக்குங்க?"

"சூப்பரா இருக்கு. பறக்குது."

"ஐயையோ. அப்ப அங்க வேணாங்க. அவர மைன்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. கீழ எறங்கி அங்கேர்ந்து அனுப்பச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"அவ்ளோ பெரிய மனுஷர வெயில்ல குழிக்குள்ள எறக்கச் சொல்றீங்களா? நீங்க காதுகுத்தப் பாருங்க, நான் பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டேன். தான் இல்லாமல் நடக்கப் போகிறதே என்று இவளுக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷம் வேறு. இனிப்புக் கடைக்குப் போய் ஸ்வீட் பாக்கெட்டுகளை எண்ணி வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை டிரான்ஸ்போர்ட்காரர் தன் ஆட்கள் பத்துப் பேரோடு வந்தார். சார் புதுச் சட்டை போட்டிருந்தார். இந்தத் தடவை முப்பத்திரண்டு ஸ்லைடையும் எல்லோரும் விழித்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு மேடைக்கு இரண்டு டிரைவர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் கையில் சாதாரண போன், இன்னொருவர் கையில் எங்கள் ஆப் போட்ட போன். ஆளுக்கொரு எடைச்சீட்டு. "ஒன், டூ, த்ரீ" என்றேன்.

இரண்டும் போனது. பொசுக்கென்று போனது. பறக்கிற வைஃபையில் போகாமல் என்ன செய்யும்? அதுகூடப் பரவாயில்லை. சாதாரண போனில் அனுப்பியது ஒரு கண் சிமிட்டல் முன்னால் வந்து திரையில் நின்றது. எங்களுடையது துண்டு போட்டு அனுப்பி, அந்தப் பக்கம் ஒட்டி எடுக்கிற சரக்கு இல்லையா? அந்த நேரம் பிந்திவிட்டது. நான் இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"அம்மாடி, ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது. சொல்லப்போனா பழசு முன்னாடி போவுது. இதுக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்றார் டிரான்ஸ்போர்ட்காரர். பின்னால் ஒரு டிரைவர் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். "மைன்ஸ்ல வந்து ஒரு தடவ பாருங்களேன், இப்பவே போலாம்" என்று சார் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பாப்போம், பாப்போம், இன்னொரு நாளைக்கு" என்று சொல்லி அவர் ஸ்வீட் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். சிரித்துவிட்ட பொருளை இரண்டாம் தடவை பார்க்க யார் வருவார்கள்? குடை விற்கிறவள் வெயிலே இல்லாத, மழையே இல்லாத இடமாகப் பார்த்துக் கடை போட்டேன். காசு கொடுத்து வேறு போட்டேன்.

சார் அடுத்த பத்து நாளும் அவரை விடாமல் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருநாள் அவர் எடுத்து, "அன்னைக்கு செவ்வாக்கிழமையே வந்திருக்கலாம்ல சார்? நான் மைன்ஸ்லதான் இருந்தேன். அங்கயே பாத்திருப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். சார் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"பொங்கலோட மூடுறோம்மா. அதுல மாத்தமில்ல" என்றார். "திருச்சியில என் சிநேகிதன் கம்பெனியில ஒரு எடம் இருக்கு. ஒண்ணுதான் இருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாரச் சொல்றதுன்னு யோசிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். செவ்வாக்கிழம அவங்க கூப்பிட்டிருக்காங்க. அத வேணாம்னு சொன்னது யாரு?"

எனக்கு இங்கிலீஷ்கூட வரவில்லை.

"நான்தாங்க சார்" என்றாள் அவள். "செவ்வாக்கிழமைக்கு டெஸ்டிங் முடியல. வெள்ளிக்குத் தள்ளிடுங்க, அவங்களுக்கே வெள்ளிதான் முடியும்னு சார்கிட்ட சொல்லிடுங்கன்னு இவங்ககிட்ட நான்தான் சொன்னேன்."

"தள்ளச் சொல்லிட்டு நீ லீவு போட்டுட்டுப் போயிட்டியா?"

"ஆமாங்க சார். தப்புதான்."

நான் சொல்லியிருந்தால் சார் நாலு கேள்வி கேட்டிருப்பார். அவள் சொன்னதால் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக இந்த ஊரில் ஓடாது, அந்தப் பாலத்தில் போகாது என்று தன் சரக்கின் குறையைத் தானே கொண்டுவந்து சொன்னவள் சொல்கிறாள், பின்னே நம்பாமல்? "சரி, போங்க" என்றார். என்னை மட்டும் நிறுத்தி, திருச்சி நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். நன்றி சொல்ல இல்லை, சண்டை போடத்தான். அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க? நான் கேட்டனா?"

"நீங்க எங்க கேட்டீங்க? மூஞ்சியப் பாத்தேன், அவ்ளோதான்."

"செவ்வாக்கிழம விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்தத் திங்கக்கெழமையே தெரியுங்க. கார்டுல என் நம்பர் மேல இருக்குல்ல, மேனேஜர் எனக்குத்தான் அடிச்சாரு. 'செவ்வா வேணாம் வெள்ளிதான் வேணும்னு உங்க மேடம் சொல்லிட்டாங்களே, எத்தன பேரக் கூட்டியாரட்டும்'னு கேட்டாரு."

தெரிந்துகொண்டுதான் வியாழக்கிழமை அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்குப் போன் செய்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் கெஞ்சியிருக்கிறாள்.

"அப்பவே சார்கிட்ட போட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தா உங்கள அனுப்பிடுவாரு. அப்புறம் யாரு போயி பேசுறது? எனக்கு விக்கவெல்லாம் வராதுங்க. எங்க ஓடாதுன்னுதான் சொல்ல வரும்."

நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், மகராசி. எனக்கு அழுகை வந்தது; அதையும் ஆத்திரமாக மாற்றிக்கொண்டு, "அப்ப திருச்சி வேலை? அது உங்களுக்கு வேணாமா?" என்றேன்.

"எனக்கு எங்கங்க முடியும்? அம்மாவ வுட்டுட்டு தெனம் அம்புட்டு தூரம் போயிட்டு வர முடியாது. நீங்க போங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். வாலிகண்டபுரத்திலிருந்து காய்க்கூடையோடு பெரம்பலூர் சந்தைக்கு வந்து, விற்று முடித்து, தனியாக பஸ் ஏறிப் போகிற அம்மா. பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் அந்த அம்மா ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட பொய் மொத்தம் இரண்டு. ஒரே நாளில், அரைமணி நேரத்துக்குள். இரண்டும் எனக்காக.

சார் இன்னும் மேலேதான் உட்கார்ந்திருந்தார். பத்துப் படி ஏறினால் போதும். "சார், நான்தான்" என்று இரண்டு வார்த்தை. அவள் தெருமுனை திரும்பும்வரை அந்தப் படியிலேயே நின்றேன். பிறகு நானும் கீழே இறங்கினேன்.

இப்போதும் திருச்சியில் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். நல்ல பதவி, நல்ல பெயர். பெரம்பலூர்க்காரர்கள் யாராவது வந்தால் ஊரைப் பற்றி எல்லாம் விசாரிப்பேன், அவளைப் பற்றி மட்டும் கேட்க மாட்டேன். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வயிறு எரியும். நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.